ஒரே பேராசிரியரிடம் பயின்ற குமரப்பாவும் அம்பேத்கரும்: நூல் பக்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை நூல் பக்கத்தில், நம் எண்ணங்களைப் புரட்டிப்போடும் பத்து அபுனைவு நூல்கள் என்று அண்மையில் வெளியான பரிந்துரைப் பட்டியலை இருமுறை படித்தேன். வாழ்வியல், ஆன்மிகம், வணிகம் என்று மூன்று தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு நூலுக்கும் நான்கைந்து வரி அறிமுகமும் தந்திருந்தீர்கள். கதைக்கும் கவிதைக்கும் அப்பாற்பட்ட நூல்களுக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியது பாராட்டுக்குரியது. பத்து நூல்களும் வெளிநாட்டவர் எழுதியவை என்பதிலும் எனக்குக் குறையில்லை. அறிவுக்கு ஊர் ஏது? என் மனக்குறை வேறு. அவற்றுள் பெரும்பாலானவை, வாசகர் ஏற்கெனவே நம்ப விரும்புகிற ஒன்றையே புதிய சொற்களில் அவரிடம் திருப்பிக் கொடுக்கின்றன. மனம் வைத்தால் எதுவும் முடியும், வெற்றி பெற்றவர்களின் பழக்கங்களைப் பின்பற்றினால் நாமும் வெற்றி பெறலாம், அமைதி நமக்குள்ளேயே இருக்கிறது என்பவற்றைப் படித்து யாரும் தம் வாழ்க்கையில் ஒரு கணக்கையும் திருத்தி எழுத வேண்டி வராது.

கணக்கு என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைத் தணிக்கை செய்தபோது, கிடங்கை ஒட்டியிருந்த மனையை விற்று வந்த தொகை முழுவதும் லாப நட்டக் கணக்கில் வருமானமாக ஏறியிருப்பதைக் கண்டேன். தொடர்ந்து நட்டத்தில் இருந்த சங்கம் அந்த ஓர் ஆண்டில் லாபம் ஈட்டியதாகக் காட்டப்பட்டு, உறுப்பினர்களுக்கு ஈவுத்தொகை வழங்கவும் தீர்மானம் தயாராக இருந்தது. சொத்தை விற்ற பணம் மூலதன வரவு, அதை வருமானமாகக் கொள்ளக்கூடாது என்று தணிக்கைக் குறிப்பு எழுதினேன். நிர்வாகக் குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், "பணம் வந்திருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் சார்" என்றார். அவர் நேர்மையற்றவர் அல்லர். உண்மையாகவே அவருக்கு வேறுபாடு தெரியவில்லை. நெல் விற்று வந்த பணமும் நிலம் விற்று வந்த பணமும் பெட்டிக்குள் ஒன்றாகத்தான் கிடக்கும். எது மறு ஆண்டும் வரும், எது இனி ஒருபோதும் வராது என்பது பேரேட்டைப் பார்த்தால்தான் விளங்கும். நம் எண்ணங்களைக் கேள்வி கேட்கும் நூல் என்று ஒன்றைச் சொல்வதானால், அது அந்தப் பெரியவருக்கும் எனக்கும் இடையே நடந்த உரையாடலைப் போன்ற ஒன்றை வாசகருக்குள் நடத்திவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

வணிகப் பிரிவில் தாங்கள் சேர்த்திருந்தவற்றைப் போன்ற வெற்றி நூல்களைப் பற்றி இந்த நோக்கில் ஒரு செய்தியை நினைவூட்ட வேண்டும். 2001ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் விற்ற ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்', 1,435 நிறுவனங்களைச் சலித்தெடுத்து, நல்ல நிலையிலிருந்து மகத்தான நிலைக்கு உயர்ந்தவையாகப் பதினொன்றைத் தேர்ந்தது. அவற்றுள் ஒன்றான, வீட்டுக்கடன் துறையைச் சேர்ந்த ஃபேனி மே 2008 செப்டம்பரில் அமெரிக்க அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. மற்றொன்றான, மின்னணுப் பொருள் விற்பனை நிறுவனம் சர்க்யூட் சிட்டி அதே ஆண்டு நவம்பரில் திவால் மனு கொடுத்தது. இதற்கு முந்தைய ஆண்டிலேயே பில் ரோசன்ஸ்வைக் என்ற மேலாண்மைப் பேராசிரியர் 'தி ஹேலோ எஃபெக்ட்' என்ற நூலில் இத்தகைய ஆய்வுகளின் அடிப்படைப் பிழையை எடுத்துக்காட்டியிருந்தார். ஒரு நிறுவனம் லாபம் ஈட்டும்போது அதன் தலைவரைத் தொலைநோக்கு உடையவர் என்றும், ஊழியர்களை ஒற்றுமையானவர்கள் என்றும் எழுதுகிறோம். லாபம் சரிந்ததும் அதே தலைவர் பிடிவாதக்காரராகவும் அதே ஊழியர்கள் மெத்தனமானவர்களாகவும் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். 2000ஆம் ஆண்டில் கணினி வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தைப் புகழ்ந்த வணிக இதழ்கள், அதன் பங்கு விலை வீழ்ந்தபின் அதையே குறைகூறியதை அவர் சான்றாகக் காட்டினார். வெற்றிக்குக் காரணம் என்று சேகரிக்கப்பட்ட தரவே வெற்றியின் நிழலாக இருந்தால், ஆயிரம் பக்கம் சேகரித்தாலும் அது சான்றாகாது என்பதே அவர் வாதம். தணிக்கை மொழியில் சொன்னால், முடிவு இருப்பைப் பார்த்துவிட்டு அதற்கேற்ப ரசீது தயாரிப்பதற்கு ஒப்பானது அது. தங்கள் பட்டியலில் வெற்றியின் ரகசியத்தைச் சொல்லும் நூல்கள் மூன்று இருந்தன. அந்த ரகசியத்தைச் சோதித்துப் பார்க்கும் இவ்வகை நூல் ஒன்றுகூட இல்லை.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணமானவர் ரோசன்ஸ்வைக் அல்லர். எங்கள் தஞ்சாவூரில் பிறந்த ஒரு கணக்காயர், தங்கள் பட்டியலின் மூன்று தலைப்புகளிலும் ஒருங்கே எழுதியவர், அதில் விடுபட்டுப் போனார். 1892ஆம் ஆண்டு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஜோசப் கொர்னேலியஸாகப் பிறந்து, பின்னாளில் பாட்டனார் பெயரான குமரப்பாவைத் தம் பெயராக்கிக்கொண்ட ஜே.சி. குமரப்பாதான் அவர். லண்டனில் கணக்காயர் பயிற்சி முடித்து, பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தி, மேல்நாட்டு உடையும் பழக்கமுமாக வாழ்ந்தவர், முப்பத்தைந்து வயதை ஒட்டி அமெரிக்கா சென்றார். சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி, அதாவது அரசின் வரவு செலவு பற்றிய இயல், பயிலச் சேர்ந்தார். அங்கே ஒரு தேவாலயத்தில், அப்படியென்றால் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற பொருளில் அவர் பேசிய பேச்சு செய்தித்தாளில் வெளிவர, அதைப் படித்த அவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். இந்தியர்களின் பின்தங்கிய பழக்கங்களே வறுமைக்குக் காரணம் என்பது அன்று பரவலாக நிலவிய எண்ணம். குமரப்பா மேடைப்பேச்சு எதையும் நாடாமல் ஆட்சியாளர்களின் சொந்த வரவு செலவுக் கணக்குகளையே விரித்து வைத்தார். உழவன் கட்டிய வரி ராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் உயர் அதிகாரிகளின் சம்பளத்துக்கும் போய், கட்டியவனுக்குத் திரும்பி வராமற்போனதை அவர் இனம் இனமாகக் காட்டினார். அந்த ஆய்வை முடித்தபோது முதலில் உடைந்தது பிரிட்டிஷ் ஆட்சியைப் பற்றி அவரே அதுவரை கொண்டிருந்த நம்பிக்கைதான். 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். ஆய்வு காந்தியின் 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளிவந்தது. அடுத்து அவர் ஏற்ற பணி, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் வட்டத்தின் 54 கிராமங்களில் வீடு வீடாகப் பொருளாதாரக் கணக்கெடுத்தது.

1934ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்தின்போது நிவாரண நிதியின் கணக்கைப் பார்த்துக்கொண்டவர், காந்தியுடன் வந்திருந்தவர்களுக்கு ஆகும் செலவை அந்த நிதியில் எழுத இடம் தரவில்லை என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். இதைப் படித்த நாளில் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன் என்பதை வெட்கமின்றி எழுதுகிறேன்.

அவருடைய 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்', அதாவது நிலைத்திருக்கும் பொருளாதாரம் என்ற நூல், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜபல்பூர்ச் சிறையில் எழுதப்பட்டது. 1945 ஆகஸ்டில் அதற்கு முன்னுரை எழுதிய காந்தி, இரண்டு மூன்று முறை கவனமாகப் படித்தால்தான் இந்நூல் முழுமையாக விளங்கும் என்று வாசகரை எச்சரிக்கிறார். அவர் சொன்னது சரி. மதுரை காந்தி நினைவு அருங்காட்சியக நூலகத்தில் நான் அதை முதன்முறை எடுத்தபோது பாதியில் வைத்துவிட்டேன். இரண்டாம் முறைதான் தொடக்கத்தில் அவர் வகுக்கும் வேறுபாடு எனக்குப் பிடிபட்டது. நிலக்கரி, பெட்ரோலியம், இரும்பு போன்றவை தேங்கிக் கிடக்கும் செல்வம்; எடுக்க எடுக்கக் குறையும். ஓடும் நீர், வளரும் மரம், ஆண்டுதோறும் விளையும் பயிர் ஆகியவை ஓட்டத்தில் உள்ள செல்வம். அளவறிந்து எடுத்தால் மீண்டும் வரும். தேக்கச் செல்வத்தின் மேல் எழுப்பப்படும் பொருளாதாரம், குறைந்துகொண்டே போகும் ஒன்றுக்காக நாடுகளைப் போட்டியிலும் போரிலும் கொண்டுபோய் நிறுத்தும் என்று, போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே சிறைக்குள் இருந்து அவர் எழுதினார். மனையை விற்ற பணத்தை வருமானமாக எழுதிய சங்கம் அப்போது என் நினைவுக்கு வந்தது. நான் ஒரு சங்கத்தின் ஏட்டில் பார்த்த பிழையை அவர் நாடுகளின் ஏட்டில் பார்த்திருந்தார்.

அங்கிருந்து அவர் மனிதர்களின் தொழிலை ஐந்தாகப் பிரிக்கிறார். பயன் தரும் மூலத்தையே அழித்துப் பிழைப்பது ஒட்டுண்ணிப் பொருளாதாரம். இயற்கையில் அதற்குப் புலியையும், மனிதரில் நகைக்காகக் குழந்தையைக் கொல்லும் திருடனையும் சான்றாகச் சொல்கிறார். மூலத்தை அழிக்காமல், ஆனால் எதையும் கொடுக்காமல் எடுத்துக்கொள்வது பறித்துண்ணும் பொருளாதாரம். அதற்குத் தோப்பில் புகும் குரங்கும் ஜேப்படிக்காரனும். தான் உழைத்ததற்கு ஈடாகப் பெறும் உழவனையும் கூடு கட்டும் பறவையையும் முயற்சிப் பொருளாதாரத்தில் வைக்கிறார். தேனீக்களைப்போல் கூட்டத்துக்காக உழைப்பது அடுத்த படி. குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையைப்போல் பலன் கருதாமல் செய்வது இறுதிப் படி. இந்தப் பகுப்பின் வலிமை, நாம் பெருமையோடு தொழில் என்று அழைக்கும் பலவற்றை எந்தப் படியில் வைப்பது என்று கேட்கும்போது தெரிகிறது. வட்டிக்கு விடுபவர், நிலத்தை வாங்கிப் போட்டு விலை ஏறக் காத்திருப்பவர், ஓய்வூதியத்தில் வாழும் நான் ஆகியோர் எங்கே நிற்கிறோம்? நான் மூன்று நாள் இந்தக் கேள்வியோடு இருந்தேன். உயர்ந்த வாழ்க்கைத்தரம், தாழ்ந்த வாழ்க்கைத்தரம் என்ற சொற்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவற்றின் இடத்தில் சிக்கலான வாழ்க்கை, எளிய வாழ்க்கை என்ற சொற்களை வைத்துப் பார்த்தால், பொருள்கள் பெருகுவதையே உயர்வு என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டது புலப்படும் என்கிறார்.

இந்தச் சிந்தனை மேற்கே போய்த் திரும்பிய கதை நம் நூல் பக்கங்களில் அரிதாகவே பேசப்படுகிறது. பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்துக்கு இருபது ஆண்டுகள் பொருளாதார ஆலோசகராக இருந்த ஈ.எஃப். ஷூமாக்கர், 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' நூலில், பௌத்தப் பொருளியல் பற்றிய கட்டுரையில் குமரப்பாவைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டுகிறார். உணவு உடலுக்கு எப்படியோ, தக்க முறையில் அமைந்த வேலை மனிதனின் மேலான ஆற்றல்களுக்கு அப்படி என்பது அந்த மேற்கோள். அதே நூலின் தொடக்கத்தில் ஷூமாக்கர், திரும்பக் கிடைக்காத இயற்கை மூலதனத்தை இன்றைய தொழில்துறை வருமானமாக நினைத்துச் செலவிடுகிறது என்று வாதிடுகிறார். நிலக்கரி வாரியத்தில் இருந்தவர் இதை எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. காவிரிப் படுகையில் வாழும் எங்களுக்கு இது தொலைதூரத் தத்துவமும் அன்று. கொள்ளிடத்தில் அள்ளிய மணலின் விலை வரவில் ஏறுகிறது. தாழ்ந்துபோன ஆற்றுப்படுகையும் இறங்கிப்போன கிணற்று நீரும் எந்தப் பேரேட்டிலும் பற்றெழுதப்படுவதில்லை.

ஆன்மிகத் தலைப்புக்கு வருகிறேன். அதே சிறைவாசத்தில் குமரப்பா எழுதிய மற்றொரு நூல், இயேசுவின் செய்கையும் போதனையும் பற்றியது. தலைப்பிலேயே செய்கையை முன்னும் போதனையைப் பின்னும் வைத்திருக்கிறார். அது இயேசுவைப் பற்றிய புரட்சிகரமான பார்வை என்று காந்தி தம் முன்னுரையில் கூறினார். குமரப்பா தம் மதத்தை விட்டு வெளியேறி நின்று அதைக் குறைகூறியவர் அல்லர்; இறுதிவரை தம்மைக் கிறிஸ்தவராகவே கருதி, அந்த நம்பிக்கையின் பெயராலேயே, பேரரசின் பக்கம் சாய்ந்து நின்ற திருச்சபையிடம் கணக்குக் கேட்டவர். 1930ஆம் ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தபோது, கிறிஸ்தவப் பணியாளர்களுக்கும் மிஷனரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் எழுதி, அகிம்சையைப் போதித்தவரின் பெயரால் ஊழியம் செய்பவர்கள் அகிம்சையாளரின் பக்கம் நிற்க வேண்டாமா என்று கேட்டார். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் வெளியே, கடையிலும் வயலிலும் அலுவலகத்திலும் ஒருவர் எப்படி நடக்கிறார் என்பதில் வைத்தே அவருடைய பக்தியை அளக்க வேண்டும் என்ற எண்ணம் அவருடைய எல்லா நூல்களிலும் ஓடுகிறது. ஆகையால்தான் வாழ்வியல், ஆன்மிகம், வணிகம் என்று தாங்கள் போட்ட மூன்று தலைப்புகளில் எதிலும் அவரைத் தனியாக அடைக்க முடியாது.

இவ்வளவு மதிப்போடு எழுதும் நான், அவருடைய நூல்களையும் தணிக்கை செய்யாமல் விட்டால் முறையாகாது. அவர் அமைப்புச் செயலாளராக இருந்த அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம், ஆலையில் தீட்டிய அரிசியை எதிர்த்துக் கைக்குத்தல் அரிசியைப் பரப்பியது. சத்துக் கணக்கில் அவர்கள் சொன்னது முழுக்க உண்மை. தவிட்டோடு உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. என் தாயார் மணமாகி வந்த புதிதில் விடியுமுன் எழுந்து உரலில் நெல் குத்தியவர். எங்கள் ஊருக்கு ரைஸ்மில் வந்ததை அவர் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு பேசினார். கை காய்த்துப்போன பெண்களுக்கு அந்த மில் கோயிலுக்குச் சமம் என்பார். வேலை மனிதனின் மேலான ஆற்றல்களுக்கு உணவு என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம், எந்த வேலை, யாருடைய வேலை, அதை விட்டுவிடும் உரிமை அவருக்கு இருந்ததா என்று என் தாயாரின் குரலில் ஒரு கேள்வி எழுகிறது. குமரப்பாவின் ஏட்டில் இந்த இனத்துக்கு நான் போதிய பதிவைக் காணவில்லை.

இதைவிடப் பெரிய கேள்வியை எழுப்பியவர் அம்பேத்கர். இவ்விருவருக்கும் இடையே உள்ள ஒரு தொடர்பை நான் அறிந்தபோது மிகவும் வியந்தேன். அம்பேத்கரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், குமரப்பாவுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னதாக, அதே செலிக்மனிடம் பயின்றவர். பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றி அவர் எழுதி 1925ஆம் ஆண்டில் வெளிவந்த நூலுக்குச் செலிக்மனே முன்னுரை அளித்தார். பொது நிதியின் கணக்குகளைப் படிக்கக் கற்ற இந்த இரண்டு மாணவர்களும் 1936ஆம் ஆண்டில் ஆளுக்கொரு நூல் வெளியிட்டார்கள். குமரப்பா கிராம இயக்கம் எதற்காக என்று விளக்கி 'ஒய் தி வில்லேஜ் மூவ்மென்ட்?' எழுதினார். அம்பேத்கர் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற சாதி எதிர்ப்புச் சங்கத்தின் மாநாட்டுக்காகச் சாதி ஒழிப்பைப் பற்றி ஓர் உரையைத் தயாரித்தார். அதன் கருத்துகளைக் கண்டு அஞ்சிய அமைப்பாளர்கள் மாநாட்டையே கைவிட, அவர் தம் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார். இரண்டு மாதத்தில் அவை தீர்ந்துபோயின. 1937ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை எழுதும்போதே, அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுவிட்டதை அம்பேத்கர் குறிப்பிடுகிறார். பெரியாரின் 'குடி அரசு' அதைத் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்தது. பத்துப் பட்டியல்களை விட அந்த ஒரு மொழிபெயர்ப்பு தமிழ்நாட்டுக்குச் செய்தது அதிகம் என்பது என் துணிபு.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அன்று, அது வேலை செய்பவர்களின் பிரிவினை என்ற அம்பேத்கரின் வாக்கியத்தைக் குமரப்பாவின் நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால், கிராமத் தொழில் என்ற சொல்லே வேறு பொருள் தருகிறது. தோல் பதனிடுவதும் செருப்புத் தைப்பதும் கிராமத் தொழில்தான். அதை யார் செய்ய வேண்டும் என்று முன்பே தீர்மானித்திருந்தது எது? குமரப்பா அதே 1936 நூலில் நால்வருணத்தை மனப்பாங்குகளின் பிரிவாக விளக்க முயல்கிறார். அந்தப் பக்கங்கள் எனக்கு ஏமாற்றம் அளித்தன. பண்ணையாள் முறை வேரோடியிருந்த தஞ்சை மண்ணில் பிறந்தவர், அரசின் கணக்கை அத்தனை துல்லியமாகப் பார்த்தவர், ஊருக்குள் இருந்த கணக்கை அப்படிப் பார்க்கவில்லை என்று வருந்தினேன். ஆயினும் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். 1949ஆம் ஆண்டில் வந்த அதன் அறிக்கை, இடைத்தரகர்களை நீக்கி உழுபவருக்கே நிலம் சேர வேண்டும் என்றும், நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்று அம்பேத்கர் பேசியிருந்தார். இவ்விருவரில் ஒருவரின் நூலை மட்டும் படித்தவர் கிராமத்தைப் பாதிதான் அறிவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

தங்கள் பட்டியலில் டேனியல் கானமனின் 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' இடம்பெற்றதை முழுமனதோடு வரவேற்கிறேன். நம் தீர்ப்புகள் எப்படித் தவறுகின்றன என்பதை விளக்கும் அந்த நூலின் மேல் எனக்கு மதிப்பு கூடியதற்கு, அந்நூலுக்கு வெளியே நடந்த ஒன்றே காரணம். சில சொற்களைப் படித்த மாத்திரத்தில், அறியாமலேயே நம் நடத்தை மாறிவிடுகிறது என்று அதில் அவர் உறுதியாக எழுதிய அத்தியாயத்தின் சோதனைகள் பல, பிறர் திரும்பச் செய்து பார்த்தபோது நிலைக்கவில்லை. மிகக் குறைந்த பேரை வைத்துச் செய்த ஆய்வுகளின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்துவிட்டேன் என்று 2017ஆம் ஆண்டில் அவரே ஒப்புக்கொண்டார். பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்றவர் தம் நூலைப் பற்றி இப்படித் தவற்றை ஒப்புக்கொண்டார் என்ற செய்தி தங்கள் அறிமுகத்தில் இல்லை. அந்தப் பட்டியலிலேயே அதுதான் வாசகருக்கு மிகவும் பயன்படும் செய்தியாக இருந்திருக்கும்.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இத்தகைய பட்டியல் வெளியிடும்போது, தனித்தனி நூல்களாக இல்லாமல், ஒன்றை ஒன்று மறுக்கும் நூல்களை அருகருகே வைத்து எழுதச் செய்யுங்கள். காலின்ஸுக்குப் பக்கத்தில் ரோசன்ஸ்வைக்கும், குமரப்பாவுக்குப் பக்கத்தில் அம்பேத்கரும் இருக்கட்டும். நூலின் புகழையும் விற்பனையையும் எழுதும் இடத்தில், அதை மறுத்தவர் யார், மறுப்பு என்ன, அதற்கு ஆசிரியர் என்ன விடை சொன்னார் என்பதை எழுதுங்கள். ஒரு முழுப் பக்கத்தைக் குமரப்பாவுக்கு ஒதுக்குங்கள். மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த காந்தி நிகேதன் ஆசிரமத்துக்குத் தங்கள் செய்தியாளர் ஒருவரை அனுப்பி எழுதச் சொல்லுங்கள். அவர் மறைந்தது 1960ஆம் ஆண்டு ஜனவரி 30. காந்தியின் நினைவு நாளில் ஆண்டுதோறும் கட்டுரை வெளியிடும் தாங்கள், அதே நாளில் அவரையும் நினைவுகூர இடம் இருக்கிறது.

இதற்கு முன்மாதிரி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. 1936 ஜூலையில் 'ஹரிஜன்' இதழில் அம்பேத்கரின் அந்த உரையை விமர்சித்து எழுதிய காந்தி, எந்தச் சீர்திருத்தவாதியும் இதைப் புறக்கணிக்க முடியாது என்றும், கடுமையான மறுப்புக்கு இடம் தருவதாலேயே இதைப் படித்தாக வேண்டும் என்றும் எழுதினார். அம்பேத்கர் அந்த விமர்சனத்தையும் அதற்குத் தம் மறுமொழியையும் அடுத்த பதிப்பில் பின்னிணைப்பாகச் சேர்த்து, இருவர் வாதத்தையும் வாசகர் கையில் கொடுத்தார். நூலின் விலை எட்டணா அதிகம், இரண்டணாவாகவோ நான்கணாவாகவோ குறைக்க வேண்டும் என்றுகூட அந்த மதிப்புரையில் காந்தி எழுதியிருக்கிறார். தங்கள் பட்டியலில் எந்த நூலுக்கும் விலை போடப்படவில்லை. குறைந்த விலைப் பதிப்பு இருக்கிறதா, தமிழில் கிடைக்கிறதா, யாரிடம் கேட்டு வாங்குவது என்ற விவரங்களையும் இனி சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் தங்கள் ஞாயிறு பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு நூல் தேடும் கல்லூரி மாணவர்கள் நான்கைந்து பேரை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
தஞ்சாவூர்.